நானூறு கிராம்

1

போன தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை என் ஓட்டப் பட்டியலில் ஒரு புதுப் பெயர் இருந்தது. வாகனத்துக்குள் இருந்தபடி அதை மூன்று தரம் வாசித்தேன். விலாசத்தையும் வாசித்தேன். கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த ஆளை வேறு ஒருவருக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஆள் என் கையில் கிடைத்துவிட்டார் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு.

பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் நான் வாகனம் ஓட்டுகிறேன். சிறுநீரகம் பழுதானவர்களை இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் மத்தியானம் கொண்டுபோய் இறக்கி, பின்னேரம் திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவது வேலை. திங்கள், புதன், வெள்ளி. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் இந்த வருத்தத்தைப் பற்றி அரை வைத்தியர் அளவுக்கு இப்போது எனக்குத் தெரியும். இவர்களுக்குச் சலம் போகாது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் நிலையத்துக்குள் போனதும் முதல் வேலை நிறுப்பது. தண்ணீர் எல்லாம் இறங்கிய பிறகு மிஞ்சுகிற நிறைக்கு உலர் நிறை என்று பெயர். அதற்கு மேலே எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையையும் இயந்திரம் நாலு ஐந்து மணித்தியாலத்தில் உறிஞ்சி எடுக்கவேண்டும். இரண்டு கிலோ என்றால் தாங்கலாம். நாலு என்றால் கால் இழுத்துப் பிடிக்கும். அதற்கும் மேலே போனால் இதயம் நின்றாலும் நிற்கும்.

என் முன் கதிரையில் இரண்டு வருடமாக வருகிறவன் யானுஷ். போலந்துக்காரன். ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன். மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். என் பெயர் சூசைதாசன் என்பதும், சூசை என்றால் இவர்களுடைய ஜோசப் என்பதும் தெரிந்த நாளிலிருந்து என்னை அவன் யூசெக் என்றுதான் கூப்பிடுகிறான். அவர்கள் ஊரில் ஜோசப்பைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த ஜெர்மன். அதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவனுடைய நக்கல் எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

அன்றைக்கு அவனை ஏற்றியவுடன் பட்டியலைக் காட்டினேன். வாசித்தான். ஆசனப் பட்டியைப் பூட்டினான்.

"உயிரோடையோ இருக்கிறார்?" என்றான்.

"இருக்கிறார் போலை."

"நல்லது. பின்னுக்கு இருத்து. எனக்கு முன்னுக்கு இடம் வேணும்."

 பட்டியலை மடித்து வைத்துவிட்டு வாகனத்தை எடுத்தேன்.

2

அந்தப் புதுப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த நாளில் நாங்கள் எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிட்டோம். ஜெர்மனியில் முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்கும் அவரைப்பற்றி எழுதும்போது 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. பயந்து பழகிய கை.

ஷெஃபிடம் ஒரு குத்துச்சண்டை மண்டபம் இருந்தது. அதில் நான் ஹவுஸ்மைஸ்டர். பெரிய பெயர்தான். நிலம் துடைப்பது, துவாய் தோய்ப்பது, கொதிகலன் பார்ப்பது, திறப்புக் கோர்வையை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவது. அகதியாக வந்து வருடக்கணக்கில் வதிவிட அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைப் போட்டுப் போட்டு அலுத்த எனக்கு, 'இந்த ஆளுக்கு இங்கே வேலை இருக்கிறது' என்று ஷெஃப் எழுதிக் கொடுக்கிற ஒரு கடிதம்தான் மூச்சு. யானுஷுக்கும் அப்படித்தான். அப்போது போலந்துக்காரருக்கும் இங்கே வேலை செய்யக் கடதாசி தேவைப்பட்டது. எங்கள் இரண்டுபேருடைய கடதாசிகளும் ஷெஃபின் மேசையில் ஒரே லாச்சிக்குள் கிடந்தன. அந்த லாச்சியின் திறப்பு மட்டும் என் கோர்வையில் இல்லை.

ஷெஃப் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. 'சின்னவன்' என்பார். "சின்னவன், துடை. சின்னவன், சூட்டைக் கூட்டு."

யானுஷ் வரும்போது அறுபத்தொன்பது கிலோ எண்ணூறு. அது ஒரு பிரிவின் எல்லை. அந்த நிறையில் அவன் அடித்த ஆறு பேரும் விழுந்தார்கள். பாம்பு மாதிரி. அடி வந்த திசை தெரியாது, ஆள் மட்டும் கீழே கிடப்பான். ஆனால் அதே நிறையில் ஷெஃபிடம் ஓர் உள்ளூர்ப் பிள்ளை இருந்தான், அழகான முகம். இரண்டுபேரும் மோதினால் அழகான முகம் கெடும். ஆகவே யானுஷை எழுபத்திரண்டரைக்கு ஏற்றினார். அங்கே இரண்டு வருடம். பிறகு எழுபத்தாறுக்கு ஆள் இல்லை என்று ஏற்றினார். பிறகு எழுபத்தொன்பதுக்கு. மன்னாரில் எங்கள் பக்கத்துக் கரையில் ஒருவர் இருந்தார். எந்த வள்ளத்தில் ஆள் குறைந்தாலும் அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். சொந்த வள்ளம் இல்லை, சொந்த வலை இல்லை, ஆனால் எல்லாத் தொழிலும் தெரியும். யானுஷைப் பார்க்கும்போது எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

ஏற்றும்போது சாப்பாடு. உருளைக்கிழங்கும் பாலும் பாணுமாக அவன் ஓங்காளித்துக்கொண்டு விழுங்குவான். இறக்கும்போதுதான் கொடுமை. பிளாஸ்ரிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். சுவிங்கம் மென்று போத்தலுக்குள் துப்பித் துப்பி எச்சிலையும் இறக்கவேண்டும். அந்தப் போத்தல்களைக் கழுவியது நான். ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு எச்சில் துப்புவான் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா. எனக்குத் தெரியும்.

3

ஒரு தவக்காலத்தில் ஷெஃப் பெரிய சண்டை ஒன்றைப் பிடித்தார். தொலைக்காட்சி வருகிறது, மண்டபம் போதாது என்று பக்கத்து நகரத்தில் அரங்கம் எடுத்தாகிவிட்டது. நிறை எழுபத்தாறு கிலோ இருநூறு. யானுஷ் அப்போது எண்பத்தொன்றுக்கு மேலே. மூன்று கிழமை இருந்தது.

"இறங்குவான்," என்றார் ஷெஃப். "போலந்துக்காரனுக்கு எலும்புக்குள்ளும் தண்ணீர்தான்."

நிறுக்கிறதுக்கு முதல்நாள் வியாழக்கிழமை பின்னேரம், யானுஷ் உடுப்பு மாற்றும் அறையில் வாங்கில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கையைத் தொட்டேன், பழைய செருப்புத் தோல் போல இருந்தது. ஷெஃப் மாலையில் நிறுத்துப்பார்த்து, காலையில் சரியாக வரும், ஒரு சொட்டும் குடிக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் பையில் கஞ்சி இருந்தது. எனக்கு அன்று ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டு நோன்பு. என் மனைவி றீற்றா உப்புப் போட்ட கஞ்சியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றித் தந்திருந்தாள். எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை கோயில் வளவில் கிடாரம் கிடாரமாகக் காய்ச்சி ஊற்றுகிற அதே கஞ்சி. ஒருசந்திக்காரர் குடிக்கலாம், விரதம் முறியாது. சின்ன வயதிலிருந்தே என் தலைக்குள் இருந்தது இவ்வளவுதான்: தண்ணீர் தண்ணீர், சோறு சோறு, கஞ்சி இரண்டுமில்லை. நோன்புக்காரனைச் சாகாமல் வைத்திருப்பதற்கென்றே கடவுள் விட்ட சாமான்.

"இதைக் குடி," என்றேன்.

அவன் மணந்து பார்த்தான். "என்ன இது?"

"நோன்புக்காரர் குடிக்கிறது. நீயும் வேதக்காரன்தானே. இது கணக்கில்லை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து இருந்து, போத்தல் முழுவதையும் மெல்ல மெல்லக் குடித்து முடித்தான். மூடியில் ஒட்டியிருந்ததையும் நக்கினான். எனக்கு அழுகை வந்தது. ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை தராசு எழுபத்தாறு கிலோ அறுநூறு என்றது. நானூறு கிராம் கூட.

இரண்டு மணித்தியாலம் தவணை கொடுத்தார்கள். ஷெஃப் அவனைக் காரில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். "சின்னவன், கொதிகலன் அறை. முழுச் சூடு. வெளியாலை பூட்டு. பூட்டாமல் விட்டால் குழாயடிக்கு ஓடுவான்."

பூட்டினேன். இதை எழுதாமல் விடலாம் என்று பலமுறை யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நான்தான் பூட்டினேன். உள்ளே அவன் குதிக்கும் கயிறு நிலத்தில் அடிபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. ஷெஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்," என்றார். நான் அவருடைய முகத்தையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்தபோது அவன் நிலத்தில் கிடந்தான். அம்புலன்ஸ் வந்தது. சண்டை நின்றுபோயிற்று.

அடுத்தநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஷெஃபின் படமும் அவர் சொன்னதும் வந்தன. நிறுப்பதற்கு முதல்நாள் இந்த மனுசன் பியர் குடித்தான். இப்படியான ஆட்களை வைத்து என்ன செய்வது. தலைப்பு: குடியில் கவிழ்ந்த போலந்துக்காரன்.

4

நான் வாய் திறக்கவில்லை. அப்போது என் மகள் டிலானிக்கு ஆறு மாதம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு டெர்மின், போய் நிற்கவேண்டிய தவணை நாள், இருந்தது. ஷெஃபின் கடிதம் இல்லாமல் அந்த டெர்மினுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு அகதிக்கும் தெரியும். கஞ்சி கொடுத்தவன் நான் என்று சொன்னால் அன்றைக்கே வெளியே. சொல்லாவிட்டால் யானுஷ் குடிகாரன். இரண்டையும் தராசில் வைத்தேன். எந்தத் தட்டு இறங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அவ்வளவு மலிவாக முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மீதியை ஷெஃபின் தலையில் போட்டேன். அந்த மனிதர் பத்திரிகைக்காரனிடம் ஒரு பொய்யைச் சொல்லி ஒருவனின் பெயரைக் கொன்றார், அவர்தான் பாவி, அவருக்கு ஒருநாள் இருக்கிறது என்று மனதுக்குள் வளர்த்தேன். என் வீட்டில் ஒழுங்காக வளர்ந்தது அந்த ஒன்றுதான். ஊரில் விட்டுவிட்டு வந்த மாமரம் மாதிரி இல்லை, தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

யானுஷ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஷெஃப் அவனைத் தொண்ணூறு கிலோவுக்கு ஏற்றினார். அவனுடைய உடம்புக்கு அது இல்லை. கொழுப்பைப் பூசிக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். எதிரில் நின்றவர்கள் பிறவியிலேயே தொண்ணூறு. வளர்ந்துவருகிற பெரிய பிள்ளைகளுக்கு வெற்றி தேவைப்பட்டால் யானுஷைக் கொடுப்பார். அடி வாங்குவான், நோவுக்கு மாத்திரை விழுங்குவான், அடுத்த நகரத்தில் அடி வாங்குவான். வருடக்கணக்காக உடம்பைக் காயவைத்ததும் அந்த மாத்திரைகளும் சேர்ந்துதான் சிறுநீரகத்தைத் தின்றன என்று பின்னாளில் வைத்தியர் சொன்னார்.

யானுஷுக்கு ஐம்பது வயது வந்தபோது, பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கொடுக்க நினைத்து டிலானியிடம் இணையத்தில் தேடச் சொன்னேன். அவள் இப்போது பிராங்பேர்ட்டில் வங்கி ஒன்றில் வேலை. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தேடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இந்த ஆள் வெறியிலை வந்து சண்டையைக் குழப்பினவராம். உங்களுக்கு இப்பிடியும் சிநேகிதரோ?"

"அது பொய்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் அப்ப சொல்லேல்லை?"

உன்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. அது எந்த லாச்சியிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

5

இப்போது ஷெஃப் என் வாகனத்தின் பின் கதிரையில். கால் வீங்கி, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்கவேண்டிய நிலை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. 'டிரைவர்' என்றார். எனக்கு அது சின்னவனைவிடக் கூடச் சுட்டது. அத்தனை வருடம் அவருக்குத் துவாய் தோய்த்தவனின் முகம் அவருக்குள் எங்கேயும் இல்லை. யானுஷைத் தெரிந்தது. "அட, நீயா," என்றார். யானுஷ் திரும்பாமலே, "நான்தான்," என்றான். அவ்வளவுதான் கதை. அதன்பிறகு ஷெஃப்தான் வழி முழுக்கக் கதைப்பார். அந்தக் காலத்தில் எத்தனை வீரர்களை உருவாக்கினேன் தெரியுமா டிரைவர் என்பார்.

முதல் கிழமை வெள்ளிக்கிழமை, யானுஷை இறக்கிவிட்டு ஷெஃபின் வீட்டுக்குப் போகும்போது, "என்னவோ மணக்கிறதே," என்றார். என் கதவுப் பைக்குள் றீற்றா செய்த மிக்சர் இருந்தது. கடலை, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், உப்பு. கொஞ்சம் கேட்டார். கொடுத்தேன். அந்தத் தரம் யோசிக்காமல்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்வேன்.

அடுத்த தரத்துக்குச் சத்தியம் செய்யமாட்டேன். எனக்கு எல்லாம் தெரியும். உப்பு தின்றால் தாகம் வரும், தாகம் வந்தால் குடிப்பார், குடித்தால் நிறை ஏறும். கடலை இன்னொரு வகையில் கூடாது, அது இதயத்தில் கைவைக்கும். விலக்கவேண்டிய சாப்பாடுகளின் பட்டியல் வாகனத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கோயிலின் மடுமாதா படம். வெள்ளிக்கிழமைக்கு அடுத்தது திங்கள் என்பதால் நடுவில் ஒரு நாள் கூட. ஆகவே வெள்ளிக்கிழமைப் பை பெரிதாக இருக்கும்.

"இந்தமுறை உப்பைக் கொஞ்சம் கூடப் போடு," என்று றீற்றாவிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குப் பிறஷர். ஆருக்கு இவ்வளவும்?"

"வேலையிடத்திலை கேக்கினம்."

"போன கிழமையும் கேட்டவை. ஆடு மாதிரித் தின்னுறாங்களோ?"

"ஓம். ஒருத்தர் நல்லாய்த் தின்னுறார்."

தின்றார். தனியாக இருக்கிற மனிதர். உப்பில்லாத ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். என்னுடைய பையைக் கண்டதும் கை நீளும். "நீ நல்லவன், டிரைவர்," என்பார். நான் சிரிப்பேன். வீட்டுக்கு வரும் வழியில், இப்போது தாகம் எடுத்திருக்கும், இப்போது குழாயடிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவேன். வெளியால் பூட்ட முடியாத அறை அது. நான் பயந்தவன். வரிக் கடிதம் வந்தாலே நெஞ்சு இடிக்கிறவன். ஆனால் அந்த ஐந்து கிழமையும் எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அதை இங்கே உள்ளபடி எழுதுகிறேன்.

மூன்று கிலோ. மூன்றரை. நாலு. சபீனா என்கிற தாதி அவரை ஏசுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். ஒருநாள் இயந்திரத்தில் இருக்கும்போது காலை இழுத்துப் பிடித்து அவர் கத்தினாராம். யானுஷ்தான் வரும்போது சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சமிக்ஞை விளக்கைப் பார்த்தேன்.

"யூசெக், உன்ரை வாகனம் கடலை மணக்குது."

"நான் தின்னுறனான்."

"உனக்குப் பல்லுக் கொதியெண்டு போன மாசம் சொன்னாய்."

6

குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்தநாள். ஷெஃபின் கதவைத் திறந்தபோதே சரியில்லை. சப்பாத்துக்குள் கால் போகவில்லை. படுக்க முடியாமல் இருந்தபடியே விடிந்தது என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். நான் ஆசைப்பட்டது இதுதான். நேரில் கண்டபோது அவரை அவசரமாக வாகனத்தில் ஏற்றினேன். வேகமாக ஓட்டினேன். யானுஷ் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

நிலையத்தில் தராசு வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சக்கர நாற்காலியையே ஏற்றி நிறுக்கிற இரும்புத் தட்டு. தள்ளி ஏற்றிவிட்டு, கையெழுத்து வாங்கவேண்டிய கடதாசியோடு நான் ஒதுங்கி நின்றேன். சபீனா நாற்காலியின் நிறையைக் கழித்தாள். திரும்பவும் கழித்தாள்.

"ஐந்து கிலோ இருநூறு," என்றாள். "சாகவா பார்க்கிறீர்கள்?"

உள்ளே ஆள் அனுப்பி வைத்தியரைக் கூப்பிட்டாள். பிறகு அவருக்கு முன்னால் குனிந்தாள். "உங்களுக்கு வருகிற சாப்பாடு அளந்து வருகிறது. வேறு யாரோ என்னவோ தருகிறார்கள். யார்? நான் இன்றைக்கே கண்டுபிடிப்பேன். என்ன குடித்தீர்கள்?"

ஷெஃப் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. மிக்சர் நின்றுபோகும் என்ற பயமாக இருக்கலாம். 

பக்கத்தில் நின்ற யானுஷ் அலுத்த குரலில் சொன்னான்: "பியர்."

சபீனா நிமிர்ந்தாள்.

"நான்தான் குடுத்தனான். பழைய சிநேகம். ரெண்டு மூண்டு போத்தல்."

நாற்காலியில் ஒரு சத்தம் கேட்டது. ஷெஃப் சிரிக்கப் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கக் கொஞ்சம் எடுத்தது.

"திரும்பவும் பியர்," என்றார் மூச்சுக்கு நடுவில். "அன்றைக்கும் இவன் இதைத்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன், என்ன குடித்தாய் என்று. பியர் என்றான். நான் அப்படியே நம்பினேன். போலந்துக்காரன் வேறு என்னத்தைக் குடிப்பான்."

அத்தனை வருடமும் அந்தச் சொல்லை ஷெஃபின் வாய்க்குள் வைத்துத்தான் நான் அவரை வெறுத்தேன். அவர் அதைச் சோடிக்கவில்லை. சொன்னவன் யானுஷ். என் பெயர் வெளியே வராமல் இருக்க ஒரு சொல்லை எடுத்துத் தன் தலையில் கொட்டியிருக்கிறான். இப்போது இரண்டாம் தரமும்.

"பியர் இல்லை," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "உப்புக் கடலை. மிக்சர். நான்தான் குடுத்தனான். கூடாதெண்டு தெரிஞ்சுதான் குடுத்தனான். கடலை போட்டது, அதையும் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ."

யானுஷ் போலந்து மொழியில் என்னவோ சொன்னான். கெட்ட சொல்லாகத்தான் இருக்கும்.

நான் ஷெஃபின் பக்கம் திரும்பினேன். "அண்டைக்கும் பியர் இல்லை. கஞ்சி. அதுவும் நான்."

ஷெஃப் என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, இடுப்பை. திறப்புக் கோர்வை தொங்குகிற இடம். இப்போது அங்கே வாகனத்தின் திறப்பு தொங்கியது.

"சின்னவன்," என்றார்.

வைத்தியர் வந்தார். நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

7

அவர் சாகவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து இறக்கினார்கள். பொலிசுக்குப் போகவில்லை, ஏனென்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு கிழமை பொலிஸ் வருமென்று கதவுமணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தோரில் ஆப்மானுங் தந்தார்கள். இன்னொரு தவறு செய்தால் வேலை இல்லை என்கிற எச்சரிக்கைக் கடிதம். நோயாளிகளை ஏற்றக்கூடாது என்று என்னை விமான நிலைய ஓட்டத்தில் போட்டார்கள். அங்கே பெட்டிகளைத்தான் நிறுக்கிறார்கள்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் யானுஷின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று மனப்பாடம் செய்துகொண்டு போனது முழுவதும் கதவடியில் மறந்துவிட்டது. அவன் கோபமாக இருந்தான்.

"உனக்கு ஆர் வாயைத் திறக்கச் சொன்னது?"

"நீ எனக்காகக் குடிகாரன் எண்டு பேர் எடுத்தனி. எனக்கு அது தெரியாமல்..."

"உனக்காக." கதிரையைக் காலால் தள்ளினான், இரு என்பதுபோல. "யூசெக், நான் சண்டைக்காரன். வாய்க்குள்ளை போறது அம்பது கிராம் எண்டாலும் எனக்குத் தெரியும். நீ அந்தப் போத்தலை நீட்டேக்கையே நிறுத்துப்போட்டன். அரை லீற்றருக்குக் கிட்ட. உப்பு வேறை."

"பிறகேன் குடிச்சனி?"

"முதலாவது, தாகம். அது மாதிரி ருசி அதுக்குப் பிறகு எனக்குக் கிடைக்கேல்லை. ரெண்டாவது," கையை மடக்கிக் காட்டினான், இடது முதலில், பிறகு வலது, "அந்தாளின்ரை பெரிய சண்டை. ரீவி, அரங்கம், விருந்துக்குச் சொன்ன ஆக்கள். என்னை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி ஒரு நாளும் என்ரை நிறையிலை விடாத மனுசன். நான் அடிச்சு ஒருத்தனை விழுத்தினால் காசு அவருக்கு. நான் விழுந்தாலும் அவருக்கு. தராசிலை தோத்தால்தான் அவர் தோப்பார். அந்த ஒரு அடிதான் எனக்கு மிச்சம் இருந்தது. கொண்டு வந்து தந்தது நீ. உன்னைக் காட்டிக்குடுப்பனோ?"

நான் அவன் தள்ளிய கதிரையில் இருந்தேன்.

"என்ரை வாழ்க்கையிலை நான் அடிச்ச நல்ல அடி அது. அந்தாளுக்குத் தெரியாமல் அடிச்சது. பியர் எண்டு நம்பினபடி சாகட்டும் எண்டு வைச்சிருந்தன். இப்ப நீ போய்க் கஞ்சி எண்டு சொல்லிப்போட்டாய்."

"பெயர் கெட்டுதே யானுஷ்."

"கெட்டது. அம்மா செத்தது அதை நம்பிக்கொண்டுதான்." யன்னலைப் பார்த்தான். "விலை கூடத்தான். வேண்டின சாமானைத் திருப்பிக் குடுக்க ஏலாது."

எழுந்து போய்க் கேத்தலைப் பார்த்தான், அளந்து அரைக் கோப்பை தேத்தண்ணி தனக்கு ஊற்றினான், முழுக் கோப்பை எனக்கு ஊற்றினான். 

அதன்பிறகு மாதங்கள் போய்விட்டன. டிலானியிடம் முழுக் கதையையும் சொன்னேன், கொதிகலன் அறையையும் சேர்த்து.  பிறகு அந்தப் பத்திரிகைக்குத் தானே ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். குடித்தது கஞ்சி, கொடுத்தது நான், பூட்டியதும் நான் என்று அதில் இருக்கிறது. போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு நித்திரை இல்லை, அது வேறு.

வேறு ஒரு டிரைவர் இப்போது அவர்கள் இருவரையும் ஏற்றிப் போகிறான். கிழமைக்கு மூன்று தரம் மத்தியானம் என் கைபேசி அடிக்கும். யானுஷ்தான். வணக்கம் எதுவும் கிடையாது, அன்றைக்கு ஏறிய தண்ணீரின் நிறை மட்டும்.

"ஷெஃப் ரெண்டு எண்ணூறு."

"நீ?"

"ஒண்டு அறுநூறு."

யானுஷின் உலர் நிறை இப்போது அறுபத்தொன்பதரை. ஐந்து பிரிவிலும் ஏறி இறங்கி, வந்த நிறைக்கே திரும்பி வந்திருக்கிறான். இனி யாரும் அவனை ஏற்ற முடியாது. ஷெஃப் தனக்கு முன்னால் யானுஷ் தராசில் ஏறுவதைப் பார்க்காத மாதிரி இருப்பாராம், ஆனால் இலக்கத்தைப் பார்ப்பாராம். போன புதன் ஷெஃப் நாள் முழுக்க நா நனைக்காமல் வந்து ஒன்று எழுநூறு காட்டியிருக்கிறார். யானுஷ் ஒன்று நானூறு.

"பயிற்சி எடுக்கிறார் போலை," என்றேன்.

"எடுக்கட்டும்."

ஷெஃபை நான் மன்னிக்கவில்லை. என்னையும் இல்லை. ஆனால் ஆப்மானுங் வந்த நாளிலிருந்து அவருக்காக மடுமாதாவிடம் ஒழுங்காக மன்றாடுகிறேன். றீற்றா கேட்டால் பூரித்துப்போவாள், ஆகவே சொல்லவில்லை. தாயே, அந்த மனிதருக்கு நீண்ட ஆயுளைக் கொடு, இன்னும் பத்து வருடமாவது கொடு, திங்கள் புதன் வெள்ளி தவறாமல் அந்தத் தராசில் ஏற்று. யானுஷிடம் தோற்பதற்கு அவர் இருக்கவேண்டும்.